வாத்து கத்தினால் எதிரொலி கேட்காதா?

"வாத்தின் குரலுக்கு மட்டும் எதிரொலி கிடையாது. ஏன் என்று இதுவரை யாருக்கும் தெரியாது!"

இப்படி ஒரு துணுக்கு வெகு காலமாக உலா வருகிறது. பத்திரிகையில் ஒரு மூலையில் நாலு வரி இடம் மிச்சமானால் அதை அடைக்க வருகிற துணுக்குகளில் இதுவும் ஒன்று. பொது அறிவுப் புத்தகத்தில் ஏறியது. வினாடி-வினா நடத்துகிறவர்கள் வாயில் விழுந்தது. இப்போது செல்போனில் சுற்றிக்கொண்டு இருக்கிறது.

படிக்கிறவர்கள் "அப்படியா!" என்று ஆச்சரியப்படுகிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் சொல்லிவிடுகிறார்கள். ஒரு வாத்தைப் பிடித்து வந்து, சுவருக்கு எதிரே கத்த விட்டுப் பார்த்தவர் எத்தனை பேர்?

ஒருவர் பார்த்தார். அவர் பார்த்ததும் துணுக்கு பொய் என்று தெரிந்துவிட்டது.

இந்தப் பொய்யால் வாத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை. எதிரொலி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று அது பாட்டுக்குத் தண்ணீரில் நீந்துகிறது. ஆனால் எதிரொலியை வைத்தே வயிறு கழுவுகிற வேறு பிராணிகள் உண்டு. அவற்றில் ஒன்று, உலகத்திலேயே பெங்களூருக்குப் பக்கத்தில் கோலார் மாவட்டத்தில் மட்டும்தான் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் துணுக்கு எழுதுவது இல்லை. அந்தக் கதைக்கும் வருவோம். முதலில் வாத்து.

டெய்சிக்கு நடந்த பரிசோதனை

இங்கிலாந்தில் சால்போர்டு என்ற ஊரில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே ஒலி பற்றி ஆராய்ச்சி செய்கிற பேராசிரியர் டிரெவர் காக்ஸ். 2003-ம் ஆண்டு இவர் 'டெய்சி' என்ற பெட்டை வாத்தை ஆராய்ச்சிக் கூடத்துக்கு வரவழைத்தார்.

முதலில் டெய்சியை ஓசை விழுங்கும் அறையில் விட்டார்கள். அந்த அறையின் சுவர், கூரை எல்லாம் பஞ்சு போன்ற பொருளால் ஆனவை. எவ்வளவு கத்தினாலும் சத்தம் திரும்பி வராது. வாத்தின் சொந்தக் குரல் மட்டும் பதிவானது.

அடுத்து, முழங்கும் அறை. இதன் சுவர்கள் கெட்டியானவை, வழவழப்பானவை. ஊசி விழுந்தாலும் ஓசை சுற்றிச் சுற்றி வரும். டெய்சி அங்கேயும் "குவாக்" என்றது. கோவில் மண்டபத்தில் யாரோ உறுமியதுபோல அந்தக் குரல் முழங்கி அடங்கியது!

பேராசிரியர் அதோடு விடவில்லை. பதிவு செய்த குரலைக் கம்ப்யூட்டரில் கொடுத்து, ஒரு வாத்து செங்குத்தான மலைப்பாறையைத் தாண்டிப் பறந்துகொண்டே கத்தினால் எப்படிக் கேட்கும் என்றும் உருவாக்கிப் பார்த்தார். எதிரொலி கேட்டது. அந்த ஆண்டு நடந்த பிரிட்டிஷ் விஞ்ஞான விழாவில் முடிவை வெளியிட்டார். உலகப் பத்திரிகைகள் எல்லாம் டெய்சியின் படத்தைப் போட்டன.

அமெரிக்காவில் 'மித்பஸ்டர்ஸ்' என்ற டெலிவிஷன் நிகழ்ச்சிக்காரர்களும் தனியாகச் சோதித்தார்கள். அவர்களுக்கும் இதே விடைதான். வாத்தின் எதிரொலி அதன் குரலோடு ஒட்டிக்கொண்டே வருவதால் காது பிரித்து அறிவது இல்லை என்று கண்டார்கள்.

ஏன் கேட்பது இல்லை?

துணுக்கு பொய்தான். ஆனால் துணுக்கை எழுதியவன் காதில் எதிரொலி விழாமல் இருந்திருக்கலாம். அதற்கு நியாயமான காரணங்கள் உண்டு.

எதிரொலிக்கு முதலில் ஒரு சுவர் வேண்டும். அல்லது பாறை, குன்று, ஏதாவது ஒரு தடுப்பு. அது போதுமான தூரத்திலும் இருக்க வேண்டும். ஒலி ஒரு விநாடியில் சுமார் 340 மீட்டர் போகிறது. முதல் ஓசைக்கும் திரும்பி வரும் ஓசைக்கும் நடுவே விநாடியில் பத்தில் ஒரு பங்கு இடைவெளி இருந்தால்தான் நமது காது இரண்டையும் தனித்தனியாகக் கேட்கும் என்று பள்ளிப் பாடத்தில் சொல்கிறார்கள். அப்படியானால் ஒலி போக 17 மீட்டர், வர 17 மீட்டர். 55 அடிக்கும் கிட்டே சுவர் இருந்தால் தனி எதிரொலி கேட்காது. முழக்கம்தான் கேட்கும்.

ரெயிலில் போகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். பெங்களூரில் இருந்து மங்களூர் போகும் ரெயில், சக்லேஷ்பூரைத் தாண்டி மலையில் இறங்கும்போது 57 சுரங்கங்களைக் கடக்கிறது. ஒவ்வொரு சுரங்கத்திலும் பிள்ளைகள் ஜன்னல் ஓரம் நின்று "ஓ..." என்று கத்துவார்கள். காது அடைக்கிற முழக்கம் கேட்கும். ஆனால் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பெயர் திரும்பி வராது. சுவர் அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது. சுரங்கத்தை விட்டு வெளியே வந்து, பள்ளத்தாக்குக்கு எதிரே மலை தெரியும்போது என்ஜின் ஊதினால், அது ஒரு கணம் கழித்துத் திரும்பி வரும். அதுதான் எதிரொலி.

வாத்து எங்கே இருக்கிறது? ஏரியில் இருக்கிறது, வயலில் இருக்கிறது. தமிழ்நாட்டில் அறுப்பு முடிந்த வயல்களில் வாத்துக்காரர்கள் நூற்றுக்கணக்கில் ஓட்டி வந்து மேய விடுவார்கள். உதிர்ந்த நெல், நத்தை, புழு எல்லாம் அவற்றுக்கு ஆகாரம். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வயல். சுவருக்கு எங்கே போவது?

சரி, சுவரும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாத்துக்கு ஒரு மீட்டர் தள்ளி நீங்கள் நிற்கிறீர்கள். 17 மீட்டர் தூரத்தில் சுவர். வாத்தின் குரல் ஒரு மீட்டர் வந்து உங்கள் காதில் விழுகிறது. அதே குரல் சுவருக்குப் போய்த் திரும்ப 34 மீட்டர் பயணம் செய்கிறது. தூரம் இரண்டு மடங்கானால் ஒலியின் வலிமை நாலில் ஒரு பங்காகக் குறையும் என்பது கணக்கு. அதன்படி பார்த்தால், திரும்பி வரும் ஓசை முதல் ஓசையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது! அதற்குள் பக்கத்து வாத்து கத்திவிடும். வாத்து எப்போதாவது தனியாக இருந்தது உண்டா?

இன்னொரு காரணம்தான் முக்கியமானது. கை தட்டினால் "டப்" என்று சத்தம் பிறந்து உடனே செத்துவிடுகிறது. பிறகு வரும் எதிரொலி பளிச்சென்று தெரியும். வாத்தின் குரல் அப்படி அல்ல. வரும்போதும் மெல்ல ஏறுகிறது, போகும்போதும் இழுபட்டுத் தேய்கிறது. அந்தத் தேய்கிற வாலுக்குள்ளேயே எதிரொலி வந்து கலந்துவிடுகிறது. எதிரொலியைக் கேட்டும், கேட்டதாகவே தோன்றாது.

அதோடு, "குவாக் குவாக்" என்று உரக்கக் கத்துவது பெட்டை வாத்துதான். ஆண் வாத்தின் குரல் தொண்டை கட்டியவன் பேசுவதுபோல் கரகரப்பாக, அடங்கி இருக்கும். வாத்து வளர்க்கிறவர்கள், குஞ்சு சில வாரம் வளர்ந்ததுமே குரலைக் கேட்டு ஆணா, பெண்ணா என்று சொல்லிவிடுவார்கள். ஆண் வாத்தை மலைக்கு எதிரே வைத்துக்கொண்டு எதிரொலிக்குக் காத்திருந்தவன் ஏமாந்துதான் போயிருப்பான்.

இதில் பெங்களூர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. வாத்தைத் தேடி வெளியூர் போக வேண்டியது இல்லை. நகருக்கு வடமேற்கே ஹெசரகட்டாவில் உள்ள மத்திய அரசின் கோழிப்பண்ணை நிறுவனம் வாத்து இனப்பெருக்கத்திலும் பேர் பெற்றது. முட்டைக்கு 'காக்கி கேம்பல்', கறிக்கு 'ஒயிட் பெகின்' என்று சீமை இனங்களைக் கொண்டுவந்து பெருக்கினார்கள். காக்கி கேம்பல் என்பது இங்கிலாந்தில் கேம்பல் என்ற அம்மையார் தன் வீட்டு வாத்துகளைக் கலந்து உண்டாக்கிய இனம். ஆண்டுக்கு 300 முட்டை வரை இடும். இதுவும் துணுக்குதான், ஆனால் உண்மைத் துணுக்கு!

ராமன் காது வைத்துக் கேட்ட சுவர்

எதிரொலிக்குக் கர்நாடகத்தில் பேர் போன இடம் பிஜப்பூர். இப்போது விஜயபுரா. சுல்தான் முகமது அடில்ஷாவின் சமாதியான கோல்கும்பஸ் அங்கே இருக்கிறது. அவர் இறந்தது 1656-ம் ஆண்டு. நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் நிற்கும் ராட்சசக் கூண்டு அது. உள்ளே விட்டம் சுமார் 38 மீட்டர். கூண்டின் அடியில் சுற்றிவரும் மாடத்தில் நின்று ஒருவர் இருமினால் அது பல முறை திருப்பிக் கேட்கும். சுவர் ஓரம் ரகசியம் பேசினால் எதிர்ப்பக்கம் நிற்பவர் காதில் விழும். பெங்களூர் வழியாக ஓடும் ஒரு எக்ஸ்பிரஸ் ரெயிலுக்கே கோல்கும்பஸ் என்று பெயர்.

அந்த ரகசியத்தைச் சும்மா வியந்துவிட்டு வராமல், அளந்து பார்த்தவர் ஒரு தமிழர். திருச்சியில் பிறந்த சர் சி.வி.ராமன்.

1921-ம் ஆண்டு ராமன் லண்டன் போயிருந்தார். அங்கே செயின்ட் பால் மாதாகோவில் கூண்டுக்குள்ளும் இப்படி ஒரு 'ரகசிய மாடம்' உண்டு. சதர்லாண்டு என்பவரோடு சேர்ந்து அதைச் சோதித்துக் கட்டுரை எழுதினார். பிறகு இந்தியாவில் கோல்கும்பஸ் உள்பட இப்படிப்பட்ட கட்டிடங்களை ஆராய்ந்து எழுதினார். கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீல நிறத்தைப் பார்த்துக் கேட்ட கேள்வி அவருக்கு 1930-ல் நோபல் பரிசு வாங்கிக் கொடுத்தது எல்லோருக்கும் தெரியும். அதே பயணத்தில் ஒரு கோவில் சுவரில் காது வைத்துக் கேட்டார் என்பது பலருக்குத் தெரியாது. 1933-ல் பெங்களூருக்கு வந்த ராமன், 1970-ல் மறையும் வரை இந்த ஊர்க்காரராகவே இருந்தார்.

டெய்சியை சால்போர்டுக்குப் பதில் கோல்கும்பஸ் மாடத்தில் விட்டிருந்தாலும் விடை ஒன்றாகவே இருந்திருக்கும். சுவருக்கு மனிதன் குரல், வாத்தின் குரல் என்ற பேதம் கிடையாது.

எதிரொலியில் வாழும் ஜீவன்கள்

பறவைக் குரலுக்கே எதிரொலி இல்லை என்று வாதாடுகிறவர்களுக்கு மேற்குக் கடற்கரைத் தீவுகளில் பதில் இருக்கிறது. அங்கே இருண்ட குகைகளில் கூடு கட்டும் சிற்றுழவாரன் என்ற சின்னப் பறவை, "கிளிக் கிளிக்" என்று ஒலி எழுப்பி, அது பாறையில் பட்டுத் திரும்புவதைக் கேட்டே வழி கண்டுபிடிக்கிறது. அந்தச் சத்தம் நம் காதுக்கும் கேட்கும்.

ஆனால் இந்த வித்தையில் மன்னன் வௌவால்தான்.

வௌவாலைப் பற்றியும் பொய்களுக்குப் பஞ்சம் இல்லை. அதற்குக் கண் தெரியாது என்கிறார்கள். தப்பு. எல்லா வௌவாலுக்கும் கண் உண்டு, பார்வையும் உண்டு. ஆலமரத்திலும் புளியமரத்திலும் தலைகீழாகத் தொங்கும் பெரிய பழந்தின்னி வௌவால் எதிரொலியை நம்புவதே இல்லை. கண்ணாலும் மூக்காலும்தான் பழம் தேடுகிறது. பூச்சி தின்னும் சின்ன வௌவால்களே எதிரொலியை நம்புகின்றன.

1790-களில் இத்தாலிய பாதிரியார் ஸ்பல்லன்சானி, கண்ணை இழந்த வௌவாலும் தடுமாறாமல் பறப்பதைக் கண்டார். காதை அடைத்தால் முட்டிக்கொண்டது. காதால் எப்படிப் பார்க்க முடியும் என்று எல்லோரும் சிரித்தார்கள். சுமார் 140 ஆண்டுகள் கழித்து, 1938-ல், அமெரிக்க மாணவர் டொனால்டு கிரிபின், மனிதக் காதுக்கு எட்டாத ஒலியைப் பிடிக்கும் கருவியின் முன்னால் வௌவாலை வைத்தார். அதுவரை ஊமை என்று நினைத்த பிராணி ஓயாமல் கத்திக்கொண்டு இருந்தது! மனிதக் காது விநாடிக்கு 20 ஆயிரம் அதிர்வு வரைதான் கேட்கும். வௌவால்களின் குரல் பெரும்பாலும் அதற்கு மேலே.

வாத்தின் குரல் எதிரொலியோடு கலந்துவிடுகிறது என்று பார்த்தோம் அல்லவா? பல வௌவால்கள் இந்தத் தொல்லைக்கு வழி கண்டு வைத்திருக்கின்றன. விநாடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரம் மட்டும் ஒரு குரல். சட்டென்று நிறுத்தம். எதிரொலி வந்து சேரும். அடுத்த குரல். பூச்சி நெருங்க நெருங்கக் குரலை இன்னும் இன்னும் சுருக்கிக்கொள்ளும்.

மதுரையில் இதுபற்றிப் பெரிய ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன. காமராஜர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே.சந்திரசேகரனும் மாணவர்களும் 1981-ல் ஒரு வினோதத்தைக் கண்டு சொன்னார்கள். சூரிய வெளிச்சமே படாத குகைக்குள் ஒரு வௌவாலைக் கூண்டில் அடைத்து வைத்தார்கள். வெளியே பொழுது சாய்ந்தது அதற்கு எப்படித் தெரியும்? ஆனால் தன் இனம் குகையில் இருந்து கிளம்பும் அதே நேரத்துக்கு அதுவும் துடிக்க ஆரம்பித்தது. கூட்டம் இல்லாத இடத்தில் வைத்தால் நேரம் தப்பியது. கூட்டமே அதற்குக் கடிகாரம்! சந்திரசேகரன் பிற்பாடு பெங்களூர் ஜக்கூரில் உள்ள ஜவஹர்லால் நேரு விஞ்ஞான ஆராய்ச்சி மையத்தில் பணியாற்றினார்.

கோலார் பாறைக்கு அடியில்

சந்திரசேகரன் குழு ஆராய்ந்தது இலைமூக்கு வௌவால் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. மூக்கின் மேல் இலை மடித்து வைத்ததுபோலத் தோல் இருக்கும். இந்த வௌவால்கள் வாயால் கத்துவது இல்லை, மூக்கால் கத்துகின்றன. அந்த இலை, குரலை டார்ச் வெளிச்சம்போல ஒரு பக்கமாகக் குவித்து அனுப்புகிறது.

அதே குடும்பத்தில் ஒன்றுதான், தொடக்கத்தில் சொன்ன கோலார் இலைமூக்கு வௌவால். இது தனி இனம் என்று விஞ்ஞானிகள் 1994-ல்தான் பெயர் வைத்தார்கள். அப்போது கோலார் மாவட்டத்தில் இரண்டு இடங்களில் இருந்தது. தேரஹள்ளியில் இருந்தவை போய்விட்டன. இப்போது உலகம் முழுவதும் தேடினாலும் ஹனுமனஹள்ளியில் கருங்கல் பாறைக்கு அடியில் உள்ள குகையில் மட்டும்தான் உண்டு. மொத்தம் 200-க்கும் குறைவு. பெங்களூர் சிட்டி பஸ் நாலைந்தில் ஏறுகிற ஜனத்தொகை!

இதற்கு எமனாக வந்தது கல் குவாரி. கோலார் கருங்கல்லுக்கு நல்ல கிராக்கி. பாறையை வெடி வைத்துப் பிளந்தால் குகை போகும். குகை போனால் இனமே போகும். 2016-ல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம், இந்த வௌவாலை அழிவின் விளிம்பில் நிற்பவை பட்டியலில் சேர்த்தது. பெங்களூரைச் சேர்ந்த இந்திய வௌவால் பாதுகாப்பு அறக்கட்டளையினர் இதைக் காப்பாற்றப் பாடுபட்டு வருகிறார்கள்.

பாடுபடுகிறவர்களுக்கு முதல் எதிரி குவாரிகூட அல்ல, பேச்சுதான். வௌவால் அபசகுனம், தலைமயிரில் சிக்கினால் விடாது, வீட்டுக்குள் வந்தால் கேடு என்று பாட்டி காலத்துப் பேச்சு. 2018-ல் கேரளத்தில் நிபா காய்ச்சல் வந்தபோது புதிதாக ஒரு பயமும் சேர்ந்துகொண்டது. நிபா கிருமி பழந்தின்னி வௌவாலிடம் இருப்பது நிஜம். அது கடித்துப் போட்ட பழத்தைத் தொடாமல் இருப்பது நல்லது. அதற்காக, கோலார் குகையில் பூச்சி தின்று வாழும் கைப்பிடி அளவு ஜீவனை யாராவது அடித்துக் கொன்றால் நிபா போய்விடுமா? சட்டமே கொஞ்ச காலம் முன்பு வரை இப்படித்தான் இருந்தது. 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டம், பழந்தின்னி வௌவாலைக் காக்கை, எலியோடு சேர்த்துத் 'தொல்லைப் பிராணி' என்று ஒதுக்கி வைத்தது. 2022-ல் சட்டத்தைத் திருத்தியபோதுதான் அந்தப் பட்டியல் எடுக்கப்பட்டது.

வாத்துத் துணுக்கைச் சொல்லும் பிள்ளைகளிடம், கை தட்டிப் பார்க்கச் சொல்லலாம். பெரிய மைதானத்தில், பள்ளிக்கூடச் சுவருக்கு 70, 80 அடி தள்ளி நின்று, அதிகாலையில் ஒரு தட்டு. பெங்களூர் போக்குவரத்து கண் விழித்துவிட்டால் கேட்காது. கை தட்டின பிறகு "குவாக்" என்று கத்தியும் பார்க்கட்டும். எது தெளிவாகத் திரும்புகிறது, எது குழம்புகிறது என்று அவர்கள் காதே சொல்லும்.

ஹனுமனஹள்ளியில் அந்தப் பரிசோதனை ஒவ்வொரு நாளும் நடக்கிறது. பொழுது சாய்ந்ததும் வௌவால்கள் பாறை இடுக்கில் இருந்து ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. பக்கத்தில் நிற்பவருக்குச் சிறகு அசையும் காற்றைத் தவிர ஒன்றும் கேட்காது. ஆராய்ச்சிக்காரர்கள் கையில் ஒரு சிறு கருவி வைத்திருப்பார்கள். அதைத் திருப்பி வைத்தால், மூக்கால் கூவுகிற அத்தனை குரலும் படபடவென்று கேட்கத் தொடங்கும்.